பிரபாகர் பார்த்த துருக்கிப் படம்

இந்த ஞாயிற்றுக்கிழமை எது நடந்தாலும் தூங்குவதில்லை என்று பிரபாகர் முடிவு செய்தார்.

லேசுப்பட்ட முடிவில்லை. மத்தியானம் ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத் தூங்காமல் இருப்பது பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாவில் இதுவரை யாருக்கும் கைகூடாத காரியம். அதிலும் பிரபாகர் பால் சொசைட்டி செயலாளர். கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து போய், கேன் கேனாக வருகிற பாலில் லாக்டோமீட்டரை விட்டுப் பார்த்து, எவன் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறான் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. வருஷக்கணக்கில் இதையே செய்ததில், உலகத்தில் எதைப் பார்த்தாலும் அவருக்குத் தண்ணீர் கலந்த மாதிரியே தெரியும். கடைக்காரன் சிரித்தால் சந்தேகம். சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். கோயில் பூசாரி விபூதியைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால்கூட, "என்னா விசயம்?" என்று அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பூசிக்கொள்வார்.

இப்போது அந்தச் சந்தேகம் வீட்டுக்குள்ளேயே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. மனைவி சோபனா மேல்.

தப்பாக நினைக்க வேண்டாம். விஷயம் சினிமா.

'வித்தியாசமான படங்கள்' என்று ஒரு வாட்ஸ்அப் குரூப். அட்மின் பிரபாகர். பாட்டு, ஃபைட்டு, பஞ்ச் டயலாக் இருக்கிற படத்தை அவர் படம் என்றே ஒத்துக்கொள்வதில்லை. கதாநாயகன் அரை மணி நேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தால்தான் அது படம். கடைசிவரை ஒன்றுமே நடக்காமல் முடிந்தால் அது உலகப் படம். அப்படிப்பட்டதாகத் தேடிப் பிடித்து, வாரா வாரம் செவ்வாய்க்கிழமை 'கட்டாயம் பாருங்கள்' என்று எழுதிப் போடுவார். போட்ட பத்தாவது நிமிஷம், 'பாத்துட்டேண்ணே, செம!' என்று பதில் வந்து குவியும். ரெண்டு மணி நேரப் படத்தை இவன்கள் எப்படிப் பத்து நிமிஷத்தில் பார்த்தார்கள் என்று பிரபாகருக்கு ஒரு கேள்வி எழும். ஆனால் அதை மட்டும் அவர் கிளறியதில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்.

என்ன கனம் என்றால், அந்தப் படங்களில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை.

பார்க்க ஆசைதான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் டிவியில் படத்தைப் போட்டுவிட்டு ஈஸி சேரில் சாய்வார். தயாரிப்பாளர் பெயர் வரும்போது கண் சொருகும். எந்த டைரக்டர் பெயரையும் அவர் விழித்த கண்ணோடு பார்த்தது கிடையாது. முழிப்பு வரும்போது சாயங்காலக் கறவைக்கு நேரமாகியிருக்கும்.

அப்புறம் எப்படி எழுதுவார்? அதற்குத்தான் திங்கட்கிழமை காலையில் ஒரு பரீட்சை.

"ஏன் சோபனா, நேத்து படம் ஓடுச்சே, உனக்கு ஏதாவது புரிஞ்சுதா?"

"ஏதோ கொஞ்சம் புரிஞ்சுதுங்க."

"எங்க, சொல்லு பாப்போம். மொதல்ல இருந்து வரணும். நடுவுல வுட்டா மார்க்கு போயிரும்."

சோபனா புளிக் கொட்டையை எடுத்தபடியே கதையைச் சொல்லுவாள். பிரபாகர் கண்ணை மூடிக்கொண்டு, எல்லாம் ஏற்கெனவே தெரிந்த மாதிரி தலையாட்டுவார்.

"பரவால்ல. எழுவது மார்க்கு தரலாம். அந்த ஜன்னலுக்கு அர்த்தம்தான் உனக்குப் பிடிபடல."

"அதுக்கு என்னாங்க அர்த்தம்?"

"அதெல்லாம் இப்ப சொன்னா உனக்குப் புரியாது."

மறுநாள் குரூப்பில் கட்டுரை வந்துவிடும். இப்படியே அவர் ஊரில் 'படக்காரர்' என்று பேர் வாங்கிவிட்டார். உரக்கடை பச்சியப்பனும், மலைப் பாதையில் பஸ் ஓட்டி ரிட்டையரான மாதுவும் அவருடைய முதன்மை ரசிகர்கள். அந்த மரியாதை பிரபாகருக்கு உயிர். சொசைட்டியில் பால் ஊற்ற வருகிறவன் முறைத்துக்கொண்டு போகலாம், ஆனால் டீக்கடையில் பெஞ்சில் இடம் விட்டு, "வாங்கண்ணே, இந்த வாரம் எந்த நாடு?" என்று கேட்கிறார்களே, அதை இழந்தால் அப்புறம் அவரிடம் மிஞ்சுவது லாக்டோமீட்டர் ஒன்றுதான்.

சந்தேகம் எப்படி வந்தது? மூன்று படங்களால் வந்தது.

முதலாவது ஈரான் படம், 'பக்கெட்டுக்குள் வானம்'. ஒழுகுகிற கூரைக்கு அடியில் பக்கெட்டுகளை வைத்தபடியே வாழ்க்கையை ஓட்டுகிற ஒருவன், கடைசியில் தானே ஏறிக் கூரையைச் சரிசெய்கிறான். 'ஒழுகுவது கூரை அல்ல, தாம்பத்தியம்' என்று பிரபாகர் எழுதினார். அன்று சாயங்காலமே சோபனா வந்து நின்றாள்.

"ஏங்க, நம்ம பாத்ரூம் கூரையும் ஒழுகுது. தாம்பத்தியம்தானேன்னு வுட்டுறலாமுங்களா?"

பிரபாகர் சிமெண்டுச் சட்டியோடு மேலே ஏறினார்.

இரண்டாவது ஜார்ஜியா படம், 'கழுதை வண்டியில் மாமியார் வீடு'. ஒரு முரட்டு வண்டிக்காரன், பொண்டாட்டியை அவள் அம்மா ஊர்த் திருவிழாவுக்குக் கூட்டிப்போகிற கதை. அந்த வாரம் மாது தன் மனைவி தீர்த்தம்மாளை அரூர்ப் பக்கம் அம்மா வீட்டுப் பண்டிகைக்கு அழைத்துப் போனார். ஊரே ஆச்சரியப்பட்டது.

மூன்றாவதுதான் ஐஸ்லாந்துப் படம். 'பனியில் ஒரு மிக்சி'. பொண்டாட்டியின் மிக்சி கெட்டுப்போனதும், புது மிக்சி வாங்குவதற்காகப் பனிப்புயலில் நடந்தே போகிறான் ஒரு மீனவன். அதைப் படித்த பச்சியப்பன் மறுநாளே தன் மனைவி எழிலரசிக்குப் புது மிக்சி வாங்கிக் கொடுத்தான். பிரபாகர் தன் எழுத்தின் வலிமையை நினைத்து மெய்சிலிர்த்தார். அதற்குப் பிறகுதான் மூளை வேலை செய்தது.

"ஏன் சோபனா, ஐஸ்லாந்துல மிக்சி எதுக்கு?"

"அவங்களுக்கு மட்டும் சட்னி வேண்டாமுங்களா?"

"அங்க என்னா சட்னி?"

"மீன் சட்னிங்க."

கண் இமைக்காமல் சொன்னாள். பிரபாகரின் மனசுக்குள் இருந்த லாக்டோமீட்டர் சரசரவென்று கீழே இறங்கியது. உலகத்தில் எந்த நாட்டில் படம் எடுத்தாலும் அதில் ஒரு புருஷன் திருந்துகிறானே, அது ஏன்?

அதனால்தான் இந்தத் தூங்கா விரதம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. களி உருண்டை இலையில் வந்து உட்கார்ந்தது. குழம்பு வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது. பிரபாகர் கல்லாக இருந்தார்.

"எனக்கு வயிறு செரியில்ல. மோர் மட்டும் போதும்."

"காலையில இட்லி நல்லாத்தானே எறங்குச்சு?"

"அதனாலதான் செரியில்ல."

சோபனா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சோபனாவை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு பார்வையும் நடுவழியில் முட்டிக்கொண்டு திரும்பின. பிரபாகர் அர்ஜென்டினாப் படம் ஒன்றைப் போட்டுவிட்டு ஈஸி சேரில் சாய்ந்தார். கண்ணை மூடினார். ஒரு நூலளவுக்கு இமையைத் திறந்து வைத்துக்கொண்டு குறட்டையை ஆரம்பித்தார். பொய்க் குறட்டை விடுவது எவ்வளவு சிரமம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நிஜக் குறட்டையில் ஒரு கஷ்டமும் இல்லை, கஷ்டமெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் கொலுசுச் சத்தம். அது புளி சீசன். மண்டியிலிருந்து மூட்டை மூட்டையாகப் புளி வீடுகளுக்கு வரும். பெண்கள் ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்து, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். டிவி பெரிதாக இருந்ததால் சோபனா வீட்டு ஹால்தான் அந்தத் தெருவுக்குப் புளிக் கூடம். எழிலரசி முறத்தோடு வந்தாள். தீர்த்தம்மாள் வெற்றிலையோடு வந்தாள்.

"தூங்கிட்டாராடி?" என்றாள் தீர்த்தம்மாள்.

"சத்தம் கேக்குதே, அப்பறம் என்னா?"

"அந்தக் குதிரைக்காரனை மொதல்ல நிறுத்து. வந்ததுல இருந்து அவன் குதிரையையே பாத்துக்கிட்டு நிக்கறான்."

டிவியில் அர்ஜென்டினா மறைந்தது. சீரியல் ஒன்றில் மாமியார் அழ ஆரம்பித்தாள். மூன்று பேரும் வட்டமாக உட்கார்ந்து புளியைத் தட்டத் தொடங்கினார்கள்.

"செரி, இந்த வாரம் படத்துல என்னா வெக்கறது?" என்று கேட்டாள் சோபனா.

பிரபாகரின் குறட்டை ஒரு கணம் தடுக்கி விழுந்தது. சமாளித்து எழுந்து மறுபடி ஓடியது.

"எங்க வூட்டுக்காரரு காப்பி குடிச்ச டம்ளரைக் குடிச்ச எடத்துலயே வெச்சிட்டுப் போறாரு. அதை வெய்யிடி," என்றாள் தீர்த்தம்மாள்.

"டம்ளருக்கு ஒரு முழுப் படமாக்கா? அதை சைடுல ஒரு சீனா வெச்சுக்கலாம்."

"அப்பன்னா எங்க வூட்டுக்காரரு. துணி காயப் போடச் சொன்னா, என்னமோ கெணறு வெட்டச் சொன்ன மாதிரி மூஞ்சியைத் தூக்கறாரு," என்றாள் எழிலரசி.

"அது நல்லாருக்குது. அர்ஜென்டினாவுல ஒருத்தன். பெரிய ரவுடி. ஊரே நடுங்குது. வூட்டுல பொண்டாட்டிக்குக் கை ஒடைஞ்சு போச்சு. அவன் மொட்டை மாடியில துணி காயப் போடறான். அதை எதிரி பாத்துடறான்."

"ஐயோ, அப்பறம்?"

"அந்த எதிரியும் பக்கத்து மாடியில துணிதான் காயப் போட்டுக்கிட்டு இருக்கறான்."

எழிலரசி புளியைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினாள். தீர்த்தம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

"அதுக்கு ஒரு பொருளு வேணும். அவரு 'குறியீடு'ன்னு ஒண்ணு எழுதுவாரு இல்ல? துணி கிளிப்புன்னு வெச்சிருவோம்," என்றாள் சோபனா.

"ஏங்க்கா, அண்ணனுக்கு ஒரு நாளைக்குத் தெரிஞ்சு போச்சுன்னா?"

"தெரிஞ்சா என்னா பண்ணுவாரு? நான் ஒரு படமும் பாக்கலைன்னு டீக்கடையில போயி சொல்லுவாரா?"

மூவரும் சிரித்தார்கள். ஒரு ஈ வந்து பிரபாகரின் மூக்கு நுனியில் உட்கார்ந்தது. அவர் அசையவில்லை. தேள் கொட்டிய திருடன் கத்த முடியாது என்பார்கள். பிரபாகர் அதற்கு மேல் குறட்டையும் விட வேண்டியிருந்தது.

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்து சண்டை போட்டால் சோபனா சொன்னதேதான் நடக்கும். குரூப் போகும், பெஞ்சு போகும், பேர் போகும். அழுதுகொண்டிருந்த சீரியல் மாமியாரைப் பார்த்தபடியே அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க, ஒரு வெளிச்சம் வந்தது. இவர்கள் மூணு பேரும் படம் எடுக்கலாம் என்றால், நான் எடுக்கக் கூடாதா?

திங்கட்கிழமைப் பரீட்சையில் அர்ஜென்டினா ரவுடிக்கு எண்பது மார்க் போட்டார். செவ்வாய்க்கிழமை சொசைட்டியில், காலைப் பால் வண்டி கிளம்பியதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போனை எடுத்தார்.

'துருக்கிப் படம். பெயர் அடிக்காத போன். மூன்று நண்பர்கள். மூவரும் உழைத்துக் களைத்த கணவர்கள். அதைக் கண்டு மனம் பொறுக்காத மனைவிகள், தாங்களே கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து, இரண்டு நாள் ஆற்றங்கரையில் இருந்துவிட்டு வாருங்கள் என்று சிரித்த முகத்தோடு வழியனுப்புகிறார்கள். எண்ணெய்க் குளியல். பரிசல். மீன் வறுவல். இரண்டு நாளும் ஒரு போன்கூட வரவில்லை. அந்த அடிக்காத போன்தான் குறியீடு. மனைவியின் பெருந்தன்மையைப் பற்றி இதைவிட உயர்வாக உலக சினிமா பேசியதில்லை. கட்டாயம் பாருங்கள்.'

துருக்கியில் இப்படி ஓர் ஆறு இருக்கிறதோ இல்லையோ, நம் மாவட்டத்தில் ஒகேனக்கல் இருக்கிறது. பிரபாகர், பச்சியப்பன், மாது மூவருக்கும் அங்கே போய் ரெண்டு நாள் கிடக்க வேண்டும் என்பது நெடுநாள் கனவு. போன தடவை போனபோது மாது பரிசலில் ஏறாமலேயே ஆற்றில் விழுந்தார். அதிலிருந்து மூன்று வீடுகளிலும் ஒகேனக்கல் என்ற சொல்லுக்கே தடை.

பத்து நிமிஷம் ஆனது. 'என்னா படம்ணே!' என்றது ஒரு பதில். 'அந்த போன் அடிக்காத சீன்ல எனக்கு மூச்சே நின்னு போச்சு' என்றது இன்னொன்று. 'மூணு தடவை பாத்துட்டேன்' என்று போட்டிருந்தான் பச்சியப்பன். மாது கும்பிடுகிற கையாக வரிசைகட்டிப் போட்டிருந்தார்.

காலி கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து, சற்று முன்னால் தான் பெற்ற பிள்ளையை இத்தனை பேர் பார்த்துவிட்டதாகச் சொல்வதைப் பிரபாகர் படித்தார். கொட்டின பால் அத்தனையிலும் தண்ணீர்! கோபம் வரவில்லை. இத்தனை நாள் தான் ஒருத்தன்தான் திருடன் என்று நினைத்திருந்தவருக்கு, ஊரே கூட்டாளி என்று தெரிந்தால் எவ்வளவு நிம்மதி. விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

சோபனா காப்பி கொடுத்தாள். நல்ல காப்பி. அதுவே சரியில்லை.

"படம் நல்லாருக்குதுங்க," என்றாள்.

"எந்தப் படம்?"

"துருக்கிப் படம். நானும் பாத்தேன்."

பிரபாகர் டம்ளரைக் கீழே வைத்தார். "எப்பப் பாத்த?"

"நீங்க எழுதுனப்பறம்தான். நீங்க சொல்லி நான் பாக்காம இருப்பனுங்களா?"

"எதுல பாத்த?"

"நீங்க எதுல பாத்தீங்களோ, அதுலதான்."

பிரபாகர் அவள் முகத்தைத் துருவிப் பார்த்தார். சந்தேகப்பட ஒரு சுருக்கம்கூட இல்லை. அப்படி ஒரு சுத்தமான முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

"முழுசாவா பாத்த?"

"முழுசாத்தானுங்க. நீங்கதான் இன்டர்வெல்லோட எந்திரிச்சிட்டீங்க போல. அதுக்கப்பறம்தானே படமே ஆரம்பிக்குது!"

அவர் எதுவும் சொல்வதற்குள் சோபனா போனைக் கையில் எடுத்தாள். குரூப்பில் அவளும் ஓர் உறுப்பினர்தான். இதுவரை ஒரு வார்த்தை போட்டதில்லை. இன்று வாயருகே வைத்துப் பேச ஆரம்பித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. அடிக்காத போன் படத்தோட செகண்ட் ஹாஃப் பத்தி ரெண்டு வார்த்தை. ஆம்பளைங்க ஆத்துல இருந்து திரும்பி வர்றாங்க இல்லீங்களா, அன்னைக்கே மூணு பொம்பளைங்களும் ஒரு வேன் எடுத்துக்கிட்டுக் கடலைப் பாக்கக் கெளம்பிடறாங்க. அந்த மூணு பேருல மூத்த பெரியம்மா பொறந்ததுல இருந்து கடலையே பாத்ததில்ல. போறப்ப ஒரு சொல்லு சொல்லலீங்க. பாதியில வுட்ட வேலை வூட்டுல கெடக்குது. பேரீச்சம்பழக் கொட்டை எடுக்கற வேலை. மூணு ஆம்பளைங்களும் ஒரே ஹால்ல உக்காந்து மூட்டை மூட்டையா எடுக்கறாங்க. கடைசியா ஒருத்தரு தன்னோட வெரலைப் பாப்பாரு பாருங்க... எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. பாக்காதவங்க பாருங்க. நன்றிங்க."

துருக்கியில் பேரீச்சை விளையுமா என்று பிரபாகருக்கு உடனே ஒரு சந்தேகம் வந்தது. கேட்க முடியாது. படம் அவருடையது.

குரூப் கொதித்தது. 'ஐயோ அந்த வெரல் சீன்!' என்றான் ஒருவன். 'அதுக்குத்தான் நான் ரெண்டாவது தடவை பாத்தேன்' என்றான் இன்னொருவன். 'அங்கதாண்ணே நான் ஒடைஞ்சுட்டேன்' என்றான் பச்சியப்பன். மாது அழுகிற முகமாகப் போட்டுத் தள்ளினார். பிரபாகர் இவர்களையெல்லாம் பெயர் பெயராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லாத படத்தில், இல்லாத பேரீச்சம்பழத்துக்கு, இல்லாத விரலைப் பார்த்து இவ்வளவு பேர் அழுதிருக்கிறார்கள். இது பொய் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் உலகத்தில் அவர்தான். அவரால்தான் சொல்ல முடியாது.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. யாரோ புதிதாகச் சேர்ந்தவன். 'அட்மின் அண்ணா செகண்ட் ஹாஃப் பத்தி ஒரு வரிகூட எழுதலையே? படத்தை முழுசாப் பாத்தாரா இல்லையா?'

 அந்தக் கேள்வியில் சந்தேகத்தின் வாசனை வந்தது. வாழ்நாளெல்லாம் மற்றவர் மேல் பட்ட சந்தேகம் இப்போது தன்மேல் திரும்பி நிற்பதைப் பிரபாகர் கண்டார். டீக்கடை பெஞ்சு கண்ணுக்கு முன்னால் ஆடியது. அவசரமாக அடித்தார்: 'முழுசாப் பாத்தேன். கதையை ஒடச்சிடக் கூடாதுன்னுதான் எழுதல. செகண்ட் ஹாஃப்தான் படத்தோட உயிரே.'

அனுப்பிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. நிமிர்ந்து பார்த்தார். சோபனா போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மார்க்குங்க போடலாம் எனக்கு?" என்றாள்.

மூன்று கணவர்களும் ஒகேனக்கல் போனார்கள். படத்தில் வந்த மாதிரியே வழியனுப்பு விழா. புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். சிரித்த முகங்கள். "பத்தரமாப் போயிட்டு வாங்க," என்றாள் தீர்த்தம்மாள்; பரிசலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாது தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

ஆற்றில் தண்ணீர் நன்றாகத்தான் போனது. எண்ணெய் தேய்க்கிறவர் எலும்பு எலும்பாக எடுத்துத் தட்டினார். மீனும் சூடாகத்தான் வந்தது. ஆனால் பச்சியப்பன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே, ஒரு போனும் வரலியே?"

"அதுதானேடா படம்," என்றார் பிரபாகர்.

"படத்துல நல்லாத்தான் இருந்துச்சு."

"எங்க வூட்டுக்காரி நான் செத்தாக்கூட, சாவியை எங்க வெச்சீங்கன்னு கேக்க எழுப்புவா. அவளே கூப்புடல. என்னமோ நடக்குது," என்றார் மாது. எண்ணெய் வழிகிற முகத்தோடு மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள்.

தெருமுனையில் ஒரு வேன் நின்றது. மூன்று பெண்களும் ஏறிக்கொண்டிருந்தார்கள். தீர்த்தம்மாள் கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள்.

"எங்க போறீங்க?" என்றார் மாது.

"பாண்டிச்சேரிக்கு."

"பாண்டிச்சேரியில பொம்பளைங்களுக்கு என்னா வேலை?"

"கடலு அங்கதான் இருக்குதாம்," என்றாள் தீர்த்தம்மாள். "ஏன், நீங்க படத்தைப் பாக்கலையா? அழுதீங்களாமே?"

மாது தன் பையைக் கீழே வைத்தார். ஒரு பிறவி முழுக்க மலையில் பஸ் ஓட்டி ஊரையெல்லாம் ஏற்றி இறக்கிய மனுஷன், பொண்டாட்டியை ஒரு கடற்கரைக்குக் கூட்டிப்போனதில்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி நகர்வதற்கு முன்பே சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, பிரபாகர் நிஜமாகவே ஒரு படத்தை விழித்த கண்ணோடு பார்க்கிற மாதிரி நின்றார். இதைப் பற்றி நன்றாக ஒரு கட்டுரை எழுதலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"ஏங்க," என்று வேனுக்குள்ளிருந்து சோபனா எட்டிப் பார்த்தாள். "மண்டி லாரி வர்றதுக்குள்ள முடிச்சு வையுங்க. மூட்டையெல்லாம் ஹால்லயே இருக்குது. ஓடு உள்ள இருந்தா மண்டிக்காரரு திருப்பி அனுப்பிருவாரு. அவரும் உங்களை மாதிரிதான், எதையும் நம்ப மாட்டாரு."

வேன் போய்விட்டது.

அன்று சாயங்காலம் மூன்று ஆண்களும் ஹாலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். புளி ஒட்டியது. ஓடு நகக்கண்ணில் குத்தியது. குத்தின இடத்தில் புளி பட்டு எரிந்தது. ஒரு மூட்டையில் பாதிகூட ஆகவில்லை.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ஒரு சந்தேகம்," என்றான் பச்சியப்பன். "நீங்க அந்தப் படத்தை நெசமாவே பாத்தீங்களா?"

"நீ பாத்தியா?"

பச்சியப்பன் ஒரு புளியங்கொட்டையை உற்றுப் பார்த்தான். "மூணு தடவை."

"நானும் அப்பிடித்தான்."

மாது தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த புளியை எடுத்தார். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பச்சியப்பனின் போன் மணி அடித்தது. புளிக் கையோடு எடுத்துக் காதில் வைத்தான். "உம்... உம்... செரி" என்றான். வைத்துவிட்டு, முகம் வெளுத்துப்போய்ப் பிரபாகரைப் பார்த்தான்.

"எழிலுதாண்ணே. கடக்கரையில உக்காந்திருக்கறாங்களாம். அந்தப் படத்துக்குப் பார்ட் டூ வந்துருச்சாம். மூணு பேரும் இப்பத்தான் பாத்து முடிச்சாங்களாம். மொதப் படத்தைவிட இது ரொம்ப நீளமாம். சோபனா அக்கா குரூப்புல போடப் போறாங்களாம்."

பிரபாகர் முறத்தைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"அதுல நாம என்னா பண்றமாம்?"